58 பங்குனி கடசிச் செவ்வா: 43-ஆம் கேசட்டுக்குத் தேதி கிடைத்த கதை

கிடைத்துவிட்டது. 43-ஆம் எண் கேசட்டின் தேதி 1983 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை. நேற்று சாயங்காலம் நூலகம் பூட்டுகிற நேரத்தில் ஹெட்போனில் ஒரே ஒரு சொல் துலக்கமாக விழுந்தது. மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு அதுதான் பதில். சாவியோடு வாசலில் நின்றிருந்த நூலகர் அக்கா நான் போட்ட கூச்சலில் உள்ளே ஓடி வந்தார். அவருக்கும் ஹெட்போனைக் கொடுத்தேன். நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டோம்.

போன தடவை எழுதியபோது 28 கேசட் முடிந்திருந்தது. இப்போது 71. மொத்தம் 212, அது போக 14 ஸ்பூல் (சக்கரத்தில் சுற்றிய பழைய ஒலிநாடா). புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: தக்கலைப் பக்கம் ஒரு பழைய வாசகசாலை, முன்பு மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய வீட்டார் கொடுத்த டிரங்குப் பெட்டி, சனி ஞாயிறுகளில் நான் போய்க் கேட்டு, அட்டவணை போட்டு, கணினியில் ஏற்றுகிறேன். கொடைக்குக் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) போய் மைக்செட் போட்டவர் என்பதால் பெட்டியில் முக்கால்வாசி வில்லுப்பாட்டு. கொஞ்சம் கணியான் கூத்து, கொஞ்சம் மேடைப் பேச்சு, வானொலியில் இருந்து பதிந்தவை ஒரு இருபது. வானொலிக் கேசட்டுகள் எனக்குச் செல்லப்பிள்ளைகள். நாகர்கோவில் நிலையம் தொடங்கியது 1984 அக்டோபரில்தான், அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொன்னால் அதற்கு முன்னால் போக முடியாது என்று ஒரு எல்லைக்கல் கிடைத்துவிடுகிறது.

43-க்கு அப்படி எதுவும் இல்லை. உறையில் நீல மையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "58 பங்குனி கடசிச் செவ்வா, முத்தாரம்மன், பட்டன் கத." ஊர் இல்லை, பாடியவர் பெயர் இல்லை. பெட்டியோடு வந்த பழைய நோட்டில் யாரோ அதை "1958" என்று விரித்து எழுதி வைத்திருந்தார்கள். இந்த நோட்டின் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம் உண்டு. உறையில் இருப்பதை இருப்பது மாதிரியே எழுதிவிட்டு, தான் நினைப்பதைத் தனியாகக் குறித்திருந்தால் பாதி வேலை மிச்சம். இரண்டையும் கலந்து வைத்ததால் எது உறை சொன்னது, எது எழுதியவர் ஊகித்தது என்று ஒவ்வொன்றையும் முதலில் இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியே கொண்டுவந்ததே 1963-ல். ஆகவே 1958 தப்பு என்று முதல் நாளே அடித்துவிட்டேன். அக்காதான் நிறுத்தினார். ஸ்பூலில் 1958-ல் பதிந்ததைப் பின்னால் கேசட்டுக்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்டார். சரியான கேள்வி. பெட்டியில்தான் 14 ஸ்பூல் கிடக்கிறதே.

இதற்கிடையில், ஒரு வில்லுப்பாட்டு செட்டில் முப்பது வருஷம் குடம் அடித்த பாட்டா ஒருவரிடம் உறையின் போட்டோவைக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இது கொல்லம்லா மக்களே. அந்தக் காலத்துல கொடை நோட்டீஸ்ல எல்லாம் கொல்லந்தான் போடுவோம். அம்பத்தெட்டுன்னா ஆயிரத்து நூத்தி அம்பத்தெட்டு" என்றார். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல், அது வரை திருவிதாங்கூரின் ஆண்டுக் கணக்கான கொல்லம்தான். சேர்ந்த பிறகும் கோயில் கணக்கிலும் பழைய ஆட்கள் வாயிலும் கொல்லம் ஆண்டு போகவில்லை. என் தாத்தா வீட்டுப் பத்திரங்களில் நான் பார்த்து வளர்ந்த எண்தான், கேசட் உறையில் பார்த்தபோது தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

கொல்லம் ஆண்டு தொடங்குவது ஆவணி ஒன்றில். ஆங்கில வருஷம் நடுவில், மார்கழி பாதியில் மாறுகிறது. ஆகவே ஆவணியில் இருந்து மார்கழி பாதி வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஆடி வரை 825. பங்குனி என்றால் 825. 1158-ஓடு 825 சேர்த்தால் 1983. இந்தக் கணக்கு தெரியாமல் எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் புரட்டாசி, ஐப்பசியில் நடந்ததெல்லாம் ஒரு வருஷம் தள்ளிப் போய்விடும். ஏற்கெனவே முடித்த 28-ல் மூன்றை இப்படித் திருத்தினேன்.

பாட்டா சொன்னது எனக்கு நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. ஆனால் அட்டவணையில் தேதிக்குப் பக்கத்தில் "எதை வைத்து" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதில் "கேட்டு அறிந்தது" என்று எழுதினால் நாளைக்கு வருகிறவர் மறுபடி முதலில் இருந்து தொடங்குவார். ஒலிக்குள்ளேயே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

இருந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால், காப்புப் பாடுவதற்கும் முன்னால், கொடைக் கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கில் நோட்டீஸ் வாசிக்கிறார். "நிகழும் மங்களகரமான" வரை கேட்கிறது, அப்புறம் கம்பளியால் மூடியது மாதிரி ஒரு முனகல், பிறகு "பி வருஷம் பங்குனி மாதம்". வருஷப் பெயர் "பி"-யில் முடிகிறது, அவ்வளவுதான். அறுபது வருஷப் பெயர்களையும் எழுதி வைத்துப் பார்த்தேன். "பி"-யில் முடிவது நாலே நாலு: துந்துபி, ஹேவிளம்பி, விளம்பி, பரிதாபி. 1983 பங்குனி துந்துபியில் வருகிறது. சந்தோஷமாக எழுந்திருக்கப் போனேன். அப்புறம்தான் பார்த்தேன், 1958 பங்குனி எந்த வருஷம் தெரியுமா? ஹேவிளம்பி. அதுவும் "பி".

அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கில் எந்த வழியாகப் போனாலும் 58 பொருந்துகிறது, வருஷப் பெயரின் கடைசி எழுத்தும் இரண்டுக்கும் ஒன்றே. நடுவில் முனகலாகக் கேட்கும் அந்த ஒன்றிரண்டு எழுத்தைத் தெளிவாகக் கேட்டால் மட்டுமே முடிவு.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வேலையைச் செய்து பார்த்தேன். பிரதியில்தான், மூலக் கோப்பில் கை வைப்பதில்லை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்த மூலக் கோப்பு எதுவும் செய்யாமல் அப்படியே ஒரு தட்டில் போய்விடும், ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வரும். நீக்கிப் பார்த்ததில் இரைச்சல் போனது, கூடவே சொல்லும் போனது. மெல்லெழுத்து எல்லாம் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. நாடாவில் இருந்து வெளியே வராத ஒன்றைக் கணினியில் எப்படி உண்டாக்க முடியும்? நாடாவில் அது இருக்கிறது, என் டெக் (கேசட் ஓட்டும் கருவி) அதைப் படிக்கவில்லை. அங்கேதான் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு, அதாவது அசிமத், தலையைக் காட்டியது.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு அசிமத் தெரியும். ஆனால் எத்தனை பேர் ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதைச் சரி செய்கிறீர்கள்? நான் செய்யவில்லை. முடித்த எல்லாக் கேசட்டையும் தொழிற்சாலையில் வைத்த சாய்விலேயே ஓட்டினேன். பதிந்தவரின் டேப்ரிக்கார்டர் வளைகுடாவில் இருந்து வந்த டூ-இன்-ஒன்னாக இருக்கலாம், ஊர் ஊராக ஜீப்பில் குலுங்கியது, அதன் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்தில்தான் நாடாவில் கோடு விழுந்திருக்கும். என் டெக்கின் ஹெட் நேராக நின்றால், சாய்ந்த கோட்டை நேரான இடுக்கு வழியாகப் படிக்கிற மாதிரி. கீழ் ஒலிகளுக்குப் பாதகம் இல்லை. மேல் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். 'த', 'ந்து', 'ச' எல்லாம் எந்த எழுத்து என்று அடையாளம் தெரிவது அந்த மேல் ஒலிகளில்தான்.

ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு திருகாணி. ஒன்று இறுக்கமானது, தொடக்கூடாது. மற்றதன் அடியில் சுருள்வில் இருக்கும், மேலே சிவப்பு அரக்கு ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். அதுதான் நம் ஆள். அரக்கை ஊசியால் பெயர்த்துவிட்டு, முதலில் திருகாணி நிற்கும் திசையை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். காந்தம் ஏறாத சின்ன ஸ்டார் திருப்புளி வேண்டும், காந்தம் ஏறியதைக் கொண்டுபோனால் ஹெட்டிலும் காந்தம் ஏறி, ஓடுகிற நாடாவெல்லாம் மெல்ல மெல்ல மங்கும். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் பழைய ரேடியோ பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் தன்னுடையதையே எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பெல்ட்டும் அவரிடம்தான் வாங்குகிறேன். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய பெல்ட் அளவு தப்பி, வேகம் கூடிக் குறைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாழானது. திருப்பி அனுப்பியதற்கு இன்னும் பணம் வரவில்லை. அண்ணாச்சி பழைய பெல்ட்டை நூலால் அளந்து கொடுக்கிறார், இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை. கேசட்டுக்குள் இருக்கும் ஃபெல்ட் பஞ்சுத் துண்டு உதிர்ந்தவற்றுக்கு, பழைய பொருள் சந்தையில் கிடைக்கும் பழைய பக்திப் பாட்டுக் கேசட்டுகளில் இருந்து பிய்த்து ஒட்டுகிறேன். ஐந்து திருகாணி வைத்த கூடாக இருந்தால் அந்தக் கூடும் பயன்படும், ஒட்டிய கூடுகளை உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

சரி, திருகாணிக்கு வருகிறேன். எந்தத் திசை, எவ்வளவு என்று எப்படித் தெரியும்? சோதனை நாடா வைத்து டெக்கைச் சரி செய்வது வேறு, அது டெக்குக்கு. இங்கே கேசட்டுக்கு ஏற்றபடி டெக்கை வளைக்கிறோம், அதற்கு அந்தக் கேசட்டிலேயே ஒரு கூர்மையான ஒலி வேண்டும். வில்லுப்பாட்டில் அது இருக்கிறது! வில்லின் மேல் வரிசையாகக் கட்டியிருக்கும் மணிகள். வீசுகோல் நாணில் விழும்போதெல்லாம் மணிகள் அத்தனையும் சிலிர்க்கும். இதைவிட நல்ல சோதனை ஒலியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பாட்டு நன்றாகச் சூடுபிடித்த ஒரு இடத்தைத் தேர்ந்து, இடது வலது சேனல் இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டுக்கொண்டு, திருகாணியை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாகத் திருப்பினேன். முதலில் மணி இன்னும் உள்ளே போனது. திசை தப்பு. திருப்பி எதிர்ப்பக்கம். பழைய கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. துணி மூட்டைக்குள் கிடந்த மணி ஒன்று வெளியே வந்தது, பிறகு இரண்டு, பிறகு வரிசை முழுக்கக் கலகலவென்று திறந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி மூடியது. திறந்த இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினேன். அது வரைக்கும் ஜால்ராவே இல்லை என்று நினைத்திருந்த பதிவில் ஜால்ரா இருந்தது.

அங்கிருந்து பக்கத்தின் தொடக்கத்துக்கு ஓட்டி, நோட்டீஸ் வாசிக்கும் இடம். "நிகழும் மங்களகரமான துந்துபி வருஷம் பங்குனி மாதம்." 'துந்' என்று நாக்கு பல்லில் தட்டுவதுகூடக் கேட்டது. ஹேவிளம்பியில் அந்தத் தட்டல் வரவே வராது.

மீதி பஞ்சாங்கம். 1983-ல் சித்திரை ஒன்று ஏப்ரல் 14, வியாழக்கிழமை. பங்குனியின் கடைசிச் செவ்வாய் அதற்கு முந்திய 12. நம் பக்கம் அம்மன் கொடை செவ்வாயில் வருவதும் பொருந்துகிறது. அட்டவணையில் இப்போது இப்படி இருக்கிறது: நாள் 1983 ஏப்ரல் 12, உறையில் உள்ளபடி "58 பங்குனி கடசிச் செவ்வா", எதை வைத்து: பதிவின் தொடக்கத்தில் வருஷப் பெயர் அறிவிப்பு, உறையின் கொல்லம் ஆண்டு, வில்லுக் கலைஞரின் வாய்மொழி. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன.

இதனால் வந்த வினை, முடித்த மற்ற எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். அக்கா முகம் சுளித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருகாணியை அடிக்கடி திருப்பினால் தேயும் என்பதால் இதற்கென்றே ஒரு டெக்கை ஒதுக்கிவிட்டேன், இன்னொன்று தொழிற்சாலைச் சாய்விலேயே இருக்கும்.

"பட்டன் கத" பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் முத்துப்பட்டன் கதை என்று நாலு, பட்டவராயன் கதை என்று இரண்டு, பொம்மக்கா திம்மக்கா கதை என்று மூன்று கேசட். பழைய நோட்டு இவற்றை மூன்று தனிக் கதைகளாக எண்ணியிருக்கிறது. மூன்றும் ஒரே கதை, பட்டனும் அவன் மணந்த அக்கா தங்கை இருவரும். தலைப்பை "முத்துப்பட்டன் கதை" என்று ஒன்றாக்கி, மற்ற பெயர்களை "வேறு பெயர்" கட்டத்தில் சேர்த்துவிட்டேன், எந்தப் பெயரில் தேடினாலும் ஒன்பதும் வரும். உறையில் எழுதியதை மட்டும் ஒருபோதும் மாற்றுவதில்லை. பாடிய ஊரில் அந்தக் கதையை எந்தப் பெயரில் சொன்னார்கள் என்பது வேறு எங்கேயும் கிடைக்காது.

43-இன் பின்பக்கம் வில்லுப்பாட்டு இல்லை. போட்டதும் ஒரு பெண் குரல், "எல்லாரும் சொகமா இருக்கோம், நீங்க அங்க நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று தொடங்கியது. அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள், அப்படி ஒன்று. உடனே நிறுத்திவிட்டேன். கணினியில் ஏற்றாமல் "குடும்பப் பேச்சு, வீட்டாரைக் கேட்காமல் திறக்கக் கூடாது" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்த வீட்டாருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் நேரில் போய் அந்தக் கேசட்டையே அவர்கள் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும், போனில் சொல்லும் விஷயம் இல்லை.

பூஞ்சை பற்றிப் போன தடவை கேட்டிருந்தார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், வெள்ளைப் பொடி பூக்காத கேசட் கிடைத்தால்தான் அதிசயம். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்து நாடா ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் டெக்கில் போடுவதே இல்லை, அவற்றைத் தனிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். 212-ல் 37 அப்படி. முகக்கவசம் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள், அந்தப் பொடி மூச்சுக்கு ஆகாது.

ஸ்பூல்களில் கை வைக்க ஆசை துடிக்கிறது. கேசட் முடியாமல் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போன ஞாயிறு பெட்டியைத் திறந்துவிட்டேன். சுற்றியிருக்கும் நாடாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவினால் அசிடேட், ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். 14-ல் ஐந்து ஊடுருவுகிறது, அதில் இரண்டில் வினிகர் வாடை. அவைதான் அவசரம், அந்த வாடை ஏறிக்கொண்டே போகும், நாடா சுருங்கி வளையும். ஓட்டுவதற்கு எந்திரம் இல்லை. ஐந்து அங்குல ஸ்பூல் ஓடும் எந்திரம், ஓடும் நிலையிலோ பழுது பார்க்கக்கூடிய நிலையிலோ, நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

43-க்கு இன்னும் ஊர் கட்டம் காலி. நோட்டீஸ் வாசித்தவர் "நமது ஊர்" என்றே சொல்லிக்கொண்டு போகிறார். முத்தாரம்மன் கோயில் இல்லாத ஊர் எது? ஆனால் அசிமத் சரியான பிறகு, முன்பக்கத்தில் இருபத்திரண்டாவது நிமிஷத்தில், பட்டன் காட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டுத் திரும்புகிற இடத்தில், வில்லை நிறுத்தி யாரோ மைக்கில் குறுக்கே பேசுவது கேட்கிறது: "திங்கள்சந்தைக்குப் போற கடைசி வண்டி விலக்குல நிக்கி, போறவங்க சீக்கிரம் வாங்க." மெயின் ரோட்டில் இருந்து உள்ளே ஒரு விலக்கு, அங்கே நிற்கும் திங்கள்சந்தை வண்டி, மைக் சத்தம் எட்டுகிற தூரம். சனிக்கிழமை காலையில் பாட்டாவிடம் லேப்டாப்பைக் கொண்டுபோகிறேன். இடப்பக்கம் பாடுகிறவரின் குரல் தனக்குத் தெரியும் என்று ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டார், பெயரை மட்டும் நேரில் கேட்டுவிட்டுத்தான் சொல்வாராம்.